25 பாண்ட் படங்கள்ல எது உச்சம்?

ரீல்பெட்டி:
1962 டாக்டர் நோ தொடங்கி 2021 நோ டைம் டு டை வரைக்கும் ஈயான் தயாரிப்பு நிறுவனம் எடுத்தது 25 ஜேம்ஸ் பாண்ட் படம். அதுல ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சணும்னா எது? கார், பாட்டு, யாரு நடிச்சது எல்லாத்தையும் ஓரமா வைங்க. திரைக்கதை இறுக்கமா இருக்கா, சண்டை கதைக்குள்ள இருந்து வருதா, இது ரெண்டு மட்டும் பாருங்க. என் ஓட்டு கேசினோ ராயல் (2006).

தூரதர்சி:
இந்த ரெண்டையும் அளவுகோலா வச்சா ஃபிரம் ரஷ்யா வித் லவ் (1963)தான். உளவுத்துறை பாண்டுக்குக் கொடுக்கற கறுப்புப் பெட்டியையே எடுத்துக்குங்க. தாழைப் பக்கவாட்டில் திருப்பித் திறக்கணும், இல்லேன்னா கண்ணீர்ப்புகை வெடிக்கும்னு முன்னாடியே காட்டிடறாங்க. பிறகு ரயில்ல, கொலைகாரன் கிரான்ட் கையில சாகப்போற பாண்ட் ஒரு சிகரெட்டுக்குத் தங்கக் காசு தர்றேன்னு ஆசை காட்டறார். தன் பெட்டியைச் சரியாத் திறந்து காசை எடுத்துக் கொடுத்துடறார். அதே மாதிரி இன்னொரு பெட்டியிலயும் காசு இருக்கும்னு கிரான்ட் தானே திறக்கிறான். அவன் பேராசைதான் வெடிக்குது. அடுத்து வர்ற சண்டைக்குப் பின்னணி இசையே கிடையாது, ரயில் சத்தம் மட்டும்தான். குறை? கடைசி ஹெலிகாப்டர், படகு துரத்தல் ரெண்டும் வாலா நீளுது.

பனிமலைப்புலி:
ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ் (1969). இயக்குநர் பீட்டர் ஹன்ட் முந்தைய படங்களோட எடிட்டர். பனிச்சறுக்குத் துரத்தல் வெட்டப்பட்ட விதத்துலயே அது தெரியும். முடிவுல பாண்டோட மனைவி ட்ரேசி சாகறதை எந்த நகைச்சுவை வசனமும் பூசி மெழுகலை. பாண்டா வர்ற லேசன்பியோட நடிப்பு தடுமாறுது, மறுக்கலை.

தூரதர்சி:
திரைக்கதையில பெரிய ஓட்டை இருக்கே! 1967 படத்துல பாண்டை நேருக்கு நேர் பார்த்த வில்லன் ப்ளோஃபெல்ட், இதுல அடையாளமே தெரியாம உட்கார்ந்திருக்கான். நாவல்கள் வந்த வரிசையை மாத்திப் படமாக்கினதோட விளைவு.

சீட்டுக்கட்டு:
கேசினோ ராயல்ல எல்லாரும் கடைசி போக்கர் சீட்டாட்டத்தைக் கொண்டாடறாங்க. ஒரே சுத்துல ஃபிளஷ், ரெண்டு ஃபுல் ஹவுஸ்னு எல்லார்கிட்டயும் பெரிய சீட்டு, அதையெல்லாம் ஜெயிக்கிற ஸ்ட்ரைட் ஃபிளஷ் பாண்டுக்கு: சினிமாச் சீட்டு! அசல் திருப்பம் அதுக்கு முன்னாடி. வில்லன் லெ ஷிஃப்ர் பொய் ஆடும்போது முகத்துல கை வைக்கிறதை பாண்ட் கண்டுபிடிச்சிடறார். அவன் அதையே வேணும்னு செஞ்சு, நாலு ஜாக்கைக் காட்டி மொத்தப் பணத்தையும் வாரிடறான். மறுபடி உட்கார 50 லட்சம் டாலர் வேணும், அரசுப் பணத்துக்குப் பொறுப்பான வெஸ்பர் தர மறுக்கறா. பாண்டோட திமிர்தான் இங்க வில்லன்.

கார் உருள்றதும் கதைதான்: சாலையில கட்டிப்போட்ட வெஸ்பர் மேல ஏத்தாம இருக்கத் திருப்பறார். படப்பிடிப்புல சாய்தளத்துல ஏத்தியும் அந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபிஎஸ் கார் சரியாப் புரளலை. அடியில நைட்ரஜன் பீரங்கி பொருத்தினதும் ஏழு சுத்து. கின்னஸ் சாதனை. ஆனா ஆட்டம் முடிஞ்சதும் படம் தொய்யுது, வெனிஸ் வரைக்கும்.

ரீல்பெட்டி:
கோல்ட்ஃபிங்கரை (1964) யாருமே சொல்லலையே?

சீட்டுக்கட்டு:
வில்லன் திட்டத்துக்கு முதல் பரிசு. அமெரிக்க அரசோட ஃபோர்ட் நாக்ஸ் பெட்டகத் தங்கத்தைத் திருடாம, 58 வருஷம் யாரும் தொட முடியாதபடி கதிரியக்கம் ஏத்தி, தன் தங்கத்தோட விலையை ஏத்தறது. ஆனா பாதிப் படம் பாண்ட் கைதி. வெடிகுண்டை நிறுத்தறதுகூட வேற ஆள்!