வாட்சில் தேதி வளையத்தை வீட்டிலேயே மாற்றிய அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

அப்பாவின் வாட்ச் ஒரு சீக்கோ 5. 2003இல் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது முஸ்தபா சென்டரில் வாங்கியது. உள்ளே 7எஸ்26 மெஷின், சாவி கொடுக்க வேண்டாம், கை அசைவிலேயே ஓடும். இரண்டு வருஷம் முன்னால் மழையில் நன்றாக நனைந்து கண்ணாடிக்குள் ஆவி கட்டிவிட்டது. கடையில் கொடுத்துக் கழுவி எண்ணெய் போட்டு வாங்கியதில் ஓட்டம் சரியாகிவிட்டது, ஆனால் தேதி எழுதிய வளையத்தில் ஓரிடத்தில் ஈரம் தேங்கிக் கறை பிடித்திருந்தது. மாதத்தில் நான்கு நாள், 11லிருந்து 14 வரை, டயலில் தேதி தெரியும் ஜன்னலில் டீ சிந்தின மாதிரி பழுப்பாகத் தெரியும். அப்பா எதுவும் சொல்ல மாட்டார், அந்த நாட்களில் மட்டும் கண்ணாடியைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்துப் பார்ப்பார்.

கடையில் கேட்டேன். வளையத்துக்கு அலைவதைவிட மொத்த மெஷினையும் எடுத்துவிட்டு என்எச்36 என்ற வேறு மெஷினைப் போட்டுவிடலாம் என்றார்கள். தப்பான யோசனை இல்லை. அதே அளவுதான், கையாலும் சாவி கொடுக்கலாம், கிரௌனை, அதாவது பக்கவாட்டில் உள்ள சாவிக் குமிழை, இழுத்தால் நொடி முள் நின்று நேரத்தைத் துல்லியமாக வைக்க விடும், 7எஸ்26இல் இரண்டுமே கிடையாது. ஆனாலும் இத்தனை வருஷம் அப்பா கையில் ஓடிய மெஷினைக் கழற்றி டப்பாவில் போட எனக்கு மனசு வரவில்லை. வளையம் மட்டும்தானே, நானே மாற்றுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தவறு அங்கேயே நடந்தது, திருப்புளியைத் தொடுவதற்கு முன்பே. இந்த வாட்சில் கிரௌன் நான்கு மணிக்கு நேரே இருக்கிறது. தேதி ஜன்னல் வழக்கம்போல மூன்று மணியில். அப்படியென்றால் உள்ளே மெஷினே 30 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். வளையத்தில் 31 எண்கள், ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுமார் 11.6 டிகிரி, 30க்குள் அது முழுசாக அடங்காது, இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வரும். அதனால் கிரௌன் மூன்று மணியில் இருக்கும் வாட்சுக்காக அச்சடித்த வளையத்தை இதில் போட்டால் பற்கள் கச்சிதமாகப் பொருந்தும், தட்டுத் தடங்கல் இல்லாமல் சுற்றும், ஆனால் ஜன்னலில் பாதி 7, பாதி 8 தெரியும். நான் வாங்கியிருந்தது அதைத்தான். எல்லாவற்றையும் கழற்றி, மாட்டி, டயலை மேலே வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்குப் பழைய வளையத்தையே திரும்பப் போட்டு மூடிவிட்டுச் சரியானதை வரவழைத்தேன், மூன்று வாரம் ஆனது. வாங்கும்போது மெஷின் நம்பரோடு கிரௌன் எந்த மணிக்கு என்பதையும் பாருங்கள், கிழமைத் தட்டுக்கும் இதே கதைதான்.

இரண்டாம் தடவை நிதானமாகச் செய்தேன். பின்மூடியை ரப்பர் பந்தை அழுத்தித் திருப்பித் திறந்தேன், கிரௌனோடு சேர்ந்த கம்பியான ஸ்டெம்மை விடுவித்து மெஷினை வெளியே எடுத்தேன். மூன்று முள்ளையும் பன்னிரண்டில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, டயல்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, இரண்டு பக்கமும் நெம்பி எடுக்க வேண்டும். டயலின் இரண்டு கால்களும் பிளாஸ்டிக் வளையத்தில் இறுக்கமாகச் செருகியிருக்கும், திருகு கிடையாது. ஒரே பக்கம் நெம்பினால் கால் வளையும், கொஞ்சம் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று தூக்கினால் தானாக வரும்.

அப்புறம் கிழமைத் தட்டு. அதன் நடுவில் ஒரு கிளிப் இருக்கிறது, ஆங்கில ‘சி’ எழுத்து மாதிரி வாய் திறந்த மெல்லிய எஃகு வளையம், கடுகு அளவுகூட இருக்காது. கண்ணுக்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் வாய்ப்பக்கம் ஒரு சின்ன இடைவெளி தெரியும், அதில் திருப்புளி நுனியை விட்டு லேசாகத் திருக வேண்டும். முதல் தடவை அப்படித் திருகினேன், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, கிளிப் இல்லை. மெஷினை ஒரு டம்ளரால் கவிழ்த்து மூடி அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு (காந்தம் பக்கத்தில் வந்தால் ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் காந்தமேறி வாட்ச் வேகமாக ஓட ஆரம்பித்துவிடும்), ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றித் தரையெல்லாம் தடவினேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கிடைத்தது, என் சட்டை மடிப்பிலிருந்து. இரண்டாம் தடவை ராடிகோவை, அதுதான் அந்தப் பச்சைப் பிசின் உருண்டை, கிளிப்மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு திருகினேன். கிளிப் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

மீதி சுலபம்தான். தட்டுக்குக் கீழே உள்ள காப்புத் தகட்டின் திருகுகளை எடுத்தால் தேதி வளையம். அதன் பல்லில் சாய்ந்து அசையாமல் பிடித்திருக்கும் ஜம்பரை ட்வீசர் நுனியால் ஒதுக்கி, பழையதை எடுத்து, புதியதை உட்காரவைத்து, ஜம்பரை விட்டால் இரண்டு பல்லுக்கு நடுவில் வந்து அமரும். வளையத்தை ஓரத்தில் மட்டுமே பிடியுங்கள். டயலை மூடுவதற்கு முன்னால் 31 நாளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன், எங்கேயும் சிக்கவில்லை.

முள்ளைத் திரும்ப மாட்டுவதுதான் என்னைப் படுத்தியது. நொடி முள்ளின் துளை 0.20 மில்லிமீட்டர். மூச்சை அடக்கிக்கொண்டு மாட்ட வேண்டியிருக்கிறது, எனக்கு நான்கு தடவை வழுக்கியது. வேறு யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, நானும் போன வருஷம் மாற்றினேன். என்னுடையது என்எச்35 மெஷின் உள்ள வாட்ச், கிரௌன் மூன்று மணியில்தான், அதனால் வளையத்தில் குழப்பம் வரவில்லை. கறுப்பு டயலில் வெள்ளை ஜன்னல் துருத்திக்கொண்டு தெரிகிறதே என்று கறுப்பு வளையம் போட ஆசைப்பட்டேன். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றில் மாட்டினேன், அதைச் சொல்கிறேன்.

எல்லாம் முடித்து முள்ளைப் பன்னிரண்டில் வைத்து அழுத்தி மூடிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு ஆபீஸில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேதி மாறியது. முள்ளைக் கழற்றிய பிறகு கிரௌனைத் திருப்பியிருக்கிறேன், மெஷினுக்கு எது நடுராத்திரி என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தேதியைத் தள்ளும் சக்கரம் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது, அதில் விரல் மாதிரி நீட்டிய முனை தேதி வளையத்தின் ஒரு பல்லைத் தள்ளும் நேரம்தான் மெஷினின் நடுராத்திரி, முள் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே டயலைப் போட்டதும், முள் இல்லாமலேயே கிரௌனை முன்பக்கமாகத் திருப்பிக்கொண்டே போய், ஜன்னலில் எண் மாறியதும் நிறுத்தி, அங்கே சின்ன முள்ளையும் பெரிய முள்ளையும் நேராகப் பன்னிரண்டில் வைக்க வேண்டும். திரும்பக் கழற்றி அப்படித்தான் சரி செய்தேன். இப்போது 12 அடித்து ஒன்றிரண்டு நிமிஷத்தில் மாறுகிறது. கிழமையும் இருந்தால் அது தேதிக்குப் பின்னால் மெதுவாக நகரும், அதைப் பார்த்து முள்ளை வைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, ராத்திரி 9லிருந்து விடியற்காலை 4 வரை கிரௌனால் தேதியைத் தள்ளவே கூடாது. அந்த விரல் பல்லுக்குள் இருக்கும் நேரம் அது. நாம் வளையத்தை வேறு வழியில் தள்ளினால் விரலோ பல்லோ முறியும். தேதி வைப்பதற்கு முன் முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுபோய்விடுவது என் வழக்கம்.

*

தம்பிகள் இருவருக்கும் வணக்கம். நான் எச்எம்டி வாட்சுகளோடு மட்டும் இருப்பவன். அவர்கள் வாட்ச் பிரிவை மூட 2016இல் முடிவானதிலிருந்து எங்களுக்குப் புது வளையம் என்ற பேச்சே இல்லை, ஓடாத இன்னொரு வாட்ச் வாங்கி அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது வளையத்தின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே வருஷத்து வாட்சாக இருந்தாலும் ஒன்று பால் வெள்ளை, இன்னொன்று சந்தன மஞ்சள் ஆகியிருக்கும். என்னுடைய வாட்சில் கிழமை இந்தியில் வரும், அந்தத் தட்டு பழையது, தேதி வேறு வாட்சிலிருந்து எடுத்தது. பக்கத்தில் பக்கத்தில் ஜன்னலில் நிற்கும்போது வித்தியாசம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கறை படிந்த வளையத்தைத் துடைத்துப் பார்க்கலாமா என்று யாராவது நினைத்தால், வேண்டாம். நான் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றினேன். கறை அப்படியே இருந்தது, 23இல் 3 காணாமல் போய்விட்டது.

கிளிப் பறப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சில மெஷின்களில் ஜம்பருக்குத் தனியாக ஒரு முடி மாதிரி ஸ்பிரிங் இருக்கும், தகட்டைத் தூக்கினதும் அது எகிறும், காந்தம் வைத்துத் தேடினாலும் லேசில் அகப்படாது. நான் ஒரு பெரிய கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் மெஷினையும் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு அந்தத் தகட்டை மட்டும் எடுப்பேன். எகிறினாலும் பைக்குள்தான் விழும்.

*

ஐயா, பை யோசனைக்கு நன்றி. தம்பி சொன்ன நடுராத்திரி விஷயத்தை இப்போதுதான் சரிபார்த்தேன், அப்பா வாட்சில் 12.20க்கு மாறுகிறது. பன்னிரண்டில்தான் வைத்தேன், எண் மாறுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வைத்துவிட்டேன் போல. திரும்பத் திறக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன், அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன், விடு என்றார். இன்று தேதி 12. வாட்ச் அவர் கையில் இருக்கிறது.