எடுக்காத கடன் அக்காவின் சிபிலில் நிற்கிறது, கட்டுவதா வேண்டாமா?

மாடிப்படி:
வணக்கம். அக்கா வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தாள். வங்கியில் அவளுடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே ஒரு பர்சனல் லோன் ஐந்து தவணை பாக்கி நிற்கிறதே" என்று கேட்டிருக்கிறார்கள். ரூ.38,000, ஏதோ ஒரு ஆப் வழியாக ஒரு நிதி நிறுவனம் கொடுத்தது. அக்கா அந்த ஆப்பின் பெயரையே அன்றுதான் கேள்விப்படுகிறாள். பான் எண், பிறந்த தேதி எல்லாம் அவளுடையது, போன் நம்பரும் முகவரியும் மட்டும் யாருடையதோ. அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டால் "பாக்கியைக் கட்டுங்கள், கடன் முடிந்ததாகக் கடிதம் தருகிறோம்" என்கிறார்கள். தொல்லை விட்டால் போதும், கட்டிவிடலாம் என்கிறார் அத்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. கட்டத்தான் வேண்டுமா? அம்மாவின் ஆதார் ஜெராக்ஸையும் பல இடத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம், அதுவும் பயமாக இருக்கிறது.

வரவுசெலவு:
கட்டவே கட்டாதீர்கள். ஒரு தவணை கட்டினாலும் கடன் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அப்புறம் மறுத்துப் பேசுவது கஷ்டம். கொஞ்சம் குறைத்துக் கட்டி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும், அதைப் பார்த்தாலே வீட்டுக் கடன் கொடுப்பவர்கள் யோசிப்பார்கள்.

போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டு, "இந்தக் கடனை நான் வாங்கவில்லை, விண்ணப்பத்தின் நகல், அடையாளத்துக்குக் கொடுத்த கேஒய்சி ஆவணங்கள், அப்போது எடுத்த செல்ஃபி, பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற விவரம் வேண்டும்" என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. பணம் அக்காவின் கணக்குக்கு வரவில்லை என்று காட்டிவிட்டால் அவர்களுக்குப் பதில் சொல்ல வாய் இருக்காது.

அதே நாளில் சிபில் தளத்திலும் இந்தப் பதிவு தவறு என்று டிஸ்ப்யூட் (மறுப்பு) போடுங்கள். சிபிலோடு நிற்காமல் அதைப் போன்ற மற்ற கடன் தகவல் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் மூன்றையும் பாருங்கள், நான்குமே ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, மெயிலிலேயே அதைக் குறிப்பிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

நெல்லைச்சீமை:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் போலீஸ் புகார் இல்லாமல் அந்த மெயிலுக்கு மதிப்பு குறைவு. தேசிய சைபர் கிரைம் தளத்தில் பதிந்துவிட்டு, அந்த ஒப்புகை எண்ணோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய் மனு கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். மனுவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி என்று எழுதுங்கள். அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதற்கான பிரிவு அது, 3 ஆண்டு வரை சிறை. 1930 என்ற சைபர் மோசடி உதவி எண் முக்கியமாகக் கணக்கிலிருந்து பணம் போன உடனே கூப்பிடுவதற்கானது.

இன்னொன்று, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அக்காவின் நம்பரைக் கொடுத்து ஓடிபி போட்டால் அவள் பெயரில் ஓடும் சிம்கள் எல்லாம் வரிசையாக வரும். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே 'என் நம்பர் இல்லை' என்று குறித்துவிடலாம். பான் கசிந்திருப்பதால் வருமான வரித் தளத்தில் அவள் பான் எண்ணில் பதிவான வரவுகளைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையையும் திறந்து பாருங்கள், சம்பந்தமில்லாத வரவு இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

கீதாஅக்கா:
தம்பி, அம்மா விஷயத்துக்கு நான் சொல்கிறேன். ஊர்ப்பக்கம் கைரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கிறார்களே, அதற்கு ஓடிபி தேவையில்லை. ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை இருந்தால் போதும். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து இப்படிப் பணத்தை உருவியது பல மாநிலங்களில் நடந்திருக்கிறது. அதனால் எம்ஆதார் ஆப்பிலோ ஆதார் தளத்திலோ பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். ஆனால் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் ரேஷன் கடையில் ரேகை விழாமல் வெயிலில் நின்று திரும்பி வருவார்கள். போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

இனிமேல் ஜெராக்ஸ் கேட்டால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். டவுன்லோடு செய்யும் இடத்திலேயே அந்தத் தேர்வு இருக்கிறது. லாட்ஜுக்கும் வாடகை வீட்டுக்கும் இதுவே போதும். நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பழக்கம்.

மாடிப்படி:
எல்லோருக்கும் நன்றி. அத்தானுக்கும் காட்டினேன், கட்டும் பேச்சை விட்டுவிட்டார். இப்போது வசூல்காரர் ஒருவர் ராத்திரி 9 மணிக்கு அக்காவைக் கூப்பிட்டு மிரட்டுகிறார். எடுக்காமல் விடலாமா?

வரவுசெலவு:
ஒருமுறை எடுத்து "கடன் என்னுடையது இல்லை, போலீஸ் புகார் கொடுத்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லி, சிஎஸ்ஆர் எண்ணைச் சொல்லி வைத்துவிடச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டுக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பும் அதே மெயிலில் சேருங்கள். வீட்டுக் கடன் வங்கி மேலாளரிடமும் புகார் நகல்களைக் கொடுத்து, டிஸ்ப்யூட் முடியும் வரை விண்ணப்பத்தை நிராகரிக்காமல் நிறுத்தி வைக்கக் கேளுங்கள்.