ஹைப்பர் தைராய்டு இருக்கும்போது ஜிம்முக்குப் போகலாமா?

இரும்புப்பட்டறை
வயது 31, ஆண், கோவை. போன மாதம் கிரேவ்ஸ் நோய் என்று சொன்னார்கள், உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டி அளவுக்கு மேல் சுரக்கவைக்கும் நோயாம். டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன்) அடிமட்டத்தில் கிடக்கிறது, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) இருக்கவேண்டிய உச்ச அளவைப்போல இரண்டு மடங்கு. சுரப்பைக் குறைக்க கார்பிமசோல் போடுகிறேன், கூடவே படபடப்புக்கு புரொப்ரனலால். ஜிம் பற்றிக் கேட்டதற்கு "கொஞ்ச நாளைக்குப் பார்த்துச் செய்யுங்க" என்றார் டாக்டர். எத்தனை நாள், எதைப் பார்த்து என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது, தொடை வற்றுகிறது. ஜிம்மையும் விட்டால் மிச்சமிருக்கும் சதையும் போய்விடுமோ என்று பயம். மாஸ்டர் வெயிட்டைக் குறைத்துக்கொண்டு வரச்சொல்கிறார். அம்மா கட்டிலைவிட்டு இறங்காதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கழலைக்காரி
அம்மா பேச்சை. கட்டில் வரைக்கும் வேண்டாம், ஆனால் ஜிம்மை இப்போதைக்கு மூட்டை கட்டு தம்பி. எனக்கும் இதே நோய் இருந்தது. ஹார்மோன் ஏறிக்கிடக்கும்போது நீ சும்மா உட்கார்ந்திருந்தாலும் இதயம் கூடுதலாகத்தான் வேலை செய்கிறது, தூக்கத்தில்கூட. அதன்மேல் டெட்லிஃப்ட் எதற்கு? உன் சதையைத் தின்பது ஓய்வு இல்லை, ஹார்மோன். அது இறங்கட்டும், சதை திரும்ப வரும்.

அப்பா புஷ் கதை தெரியுமா? 1991 மே மாதம், கேம்ப் டேவிட்டில் ஜாகிங் போன இடத்தில் மூச்சு வாங்கி, இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சோதித்துப் பார்த்தால் கிரேவ்ஸ். அமெரிக்க அதிபருக்கே அந்தக் கதி.

நெடுந்தூரம்
அக்கா, புஷ்ஷுக்கு அப்போது 66 வயது, நோய் இருப்பதே தெரியாமல் ஓடினார். இவர் 31, நோய் தெரியும், மருந்தும் போகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

நானும் கதை சொல்கிறேன். அமெரிக்க ஓட்டக்காரி கெய்ல் டெவர்ஸ். அதே 1991-ல் கிரேவ்ஸ் சிகிச்சையின் சிக்கலால் பாதங்கள் வீங்கி, வெட்டி எடுக்கவேண்டி வருமோ என்ற நிலை. அடுத்த வருடம் பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம். 1996 அட்லாண்டாவில் மறுபடியும். "தைராய்டா, ஓடாதே, குனியாதே, படு" என்பது நம் வீடுகளின் பழக்கம். மாதக்கணக்கில் படுத்தவனுக்குத் தெம்பும் போகும், தூக்கமும் போகும். ஏற்கெனவே இந்த நோயில் பதற்றம் அதிகம். நடப்பது ஒன்றுதான் அதற்கு மருந்துபோல உதவும்.

கழலைக்காரி
டெவர்ஸ் எனக்குத்தான் சாட்சி. 1988 சியோலில் பதக்கமில்லாமல் திரும்பினார், அப்புறம் என்ன நோய் என்று தெரியாமலே நெடுநாள் அவதிப்பட்டார். ஹார்மோன் கட்டுக்குள் வந்த பிறகுதான் தங்கம். அந்தப் பாதியை மட்டும் எல்லோரும் வசதியாக விட்டுவிடுகிறீர்கள்.

நடப்பதை நான் எங்கே வேண்டாம் என்றேன்?

நெடுந்தூரம்
சரி, அளவு எப்போது நார்மல் ஆகும்? டிஎஸ்எச் எழுந்திருக்க ஆறு மாதம்கூட ஆகலாம். அதுவரை இவர் வாசலில் நின்று காற்று வாங்கவேண்டுமா?

கழலைக்காரி
டிஎஸ்எச் என்று நான் சொல்லவே இல்லை. தைராய்டு சுரக்கும் டி3, டி4 பற்றித்தான் சொன்னேன்.

பிசியோ
அக்கா அதில் சரி. டிஎஸ்எச் கடைசியாகத்தான் அசையும். டி3யும் டி4ம் நார்மலுக்கு வந்து வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், டிஎஸ்எச் தூங்கிக்கொண்டே இருக்கும். கார்பிமசோல் புதிதாகச் சுரப்பதைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே சுரப்பியில் சேர்ந்திருப்பது தீரவேண்டும். பெரும்பாலும் 4 முதல் 8 வாரம். ஆக "கொஞ்ச நாள்" என்று டாக்டர் சொன்னது ஏறக்குறைய அதுதான்.

பட்டறை, நீங்கள் கவனிக்கவேண்டியது பல்ஸ். காலையில் எழுந்ததும், படுக்கையிலேயே. 100ஐத் தாண்டினால் அன்று நடையும் வேண்டாம். ஆனால் புரொப்ரனலால் போடுவதால் இன்னொரு சிக்கல். அது துடிப்பைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும். கையில் கட்டிய வாட்ச் "இன்னும் வேகமாகப் போகலாம்" என்று பச்சை காட்டும், நம்பாதீர்கள். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல மீட்டர் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. புரொப்ரனலாலைத் திடீரென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

வெயிட் பற்றி: இந்த நோயில் முதலில் இளைப்பது தொடையும் தோளும். தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை என்றால் ஸ்குவாட் ரேக் பக்கம் போகவே வேண்டாம். அளவு இறங்க ஆரம்பித்த பிறகு, லேசான எடை, மூச்சைப் பிடிக்காமல், கடைசி ரெப் வரை தம் கட்டாமல் ஆரம்பிக்கலாம். ஏசி இல்லாத ஜிம்மில் மதியம் போகாதீர்கள், ஹைப்பரில் உடம்பு வெக்கையைத் தாங்காது.

பிராணவாயு
எல்லோரும் இங்கிலீஷ் மருந்தையே பேசுகிறீர்கள். சர்வாங்காசனம் தினம் ஐந்து நிமிடம் செய்தால் தைராய்டு சுரப்பி நன்றாகத் தூண்டப்படும். எங்கள் வகுப்பில் நிறைய பேருக்குப் பலன்.

நெடுந்தூரம்
ஐயா, இவருக்குச் சுரப்பி ஏற்கெனவே தேவைக்கு மேல் தூண்டப்பட்டுத்தான் கிடக்கிறது. நீங்கள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வேறு ஆளுக்குச் சொல்லவேண்டியது.

பிசியோ
கிரேவ்ஸில் கண்ணும் பாதிக்கப்படலாம், ஐயா. கண் பிதுங்கி, இமை வீங்கியிருப்பவர்களை இரவில் தலையை உயர்த்திவைத்துத்தான் படுக்கச் சொல்கிறோம். தலைகீழாக நின்றால் கண்ணழுத்தம் ஏறும். சிரசாசனமும் வேண்டாம். சவாசனம், மெதுவான மூச்சுப் பயிற்சி, தாராளமாக.

இரும்புப்பட்டறை
நன்றி. காலை பல்ஸ் இப்போது 88, 90. ஒன்று கேட்கவேண்டும். மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை லெக் டே கொஞ்சம் ஓவராகப் போனது. ராத்திரி நண்பர்களோடு பிரியாணி. விடிகாலையில் முழிப்பு வந்தபோது இரண்டு காலையும் தூக்கவே முடியவில்லை. வலி இல்லை, கால் கனத்துக் கிடந்தது. இரண்டு மூன்று மணி நேரத்தில் சரியாகிவிட்டது. தசைப் பிடிப்பு என்று மாஸ்டர் சொன்னார். இதெல்லாம் சகஜம்தானே?

பிசியோ
சகஜம் இல்லை. நாளைக்கே டாக்டரிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

ஹைப்பர் தைராய்டு உள்ளவர்களில் சிலருக்கு, குறிப்பாக ஆசிய நாட்டு ஆண்களுக்கு, இப்படிக் கால் விழும். நோய் பெண்களுக்கு அதிகம், இது மட்டும் ஆண்களுக்கு அதிகம். கடும் உடற்பயிற்சி, அப்புறம் மாவுச்சத்து அதிகமான சாப்பாடு, அப்புறம் ஓய்வு. ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் சட்டென்று தசைக்குள் போய்விடும். கால் விழுவதோடு நின்றால் பரவாயில்லை, பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். இப்போது ரத்தம் எடுத்தால் பொட்டாசியம் நார்மலாகவே வரலாம், அதை நம்பி விட்டுவிடாதீர்கள். மறுபடி நடந்தால் அந்த நேரத்திலேயே எமர்ஜென்சிக்குப் போய் ரத்தமும் இசிஜியும் எடுக்கவேண்டும். வாழைப்பழம், இளநீர் என்று வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்கவேண்டாம். பொட்டாசியம் மருந்தை நீங்களாகக் குடிக்கவும் கூடாது. தாக்கம் விலகும்போது அது ரத்தத்துக்குத் திரும்பி வரும், அப்போது அளவு மீறிவிடும்.

நெடுந்தூரம்
பட்டறை விஷயத்தில் நான் வழிவிடுகிறேன், அளவு நார்மலாகி டாக்டர் சொல்லும்வரை கனமான வெயிட் கிடையாது. ஆனால் இதை வைத்து ஹைப்பர் உள்ள எல்லோரையும் வீட்டில் பூட்டாதீர்கள். லேசாக ஏறியிருக்கும் பெண்கள் எத்தனையோ பேர் நடப்பதற்கே பயந்து கிடக்கிறார்கள். அளவு இறங்கியதும் பசி மட்டும் அப்படியே இருக்கும், எடை ஏறும். அப்போது ஓடச்சொன்னால் யாரும் எழுந்து வரமாட்டார்கள்.

கழலைக்காரி
எடை ஏறினால் ஏறட்டும், இளைத்ததுதானே திரும்புகிறது. இதயம் தடுமாறினால் அப்படிச் சொல்ல முடியுமா? நான் நடை என்றேன், நீங்கள் ஓட்டம் என்கிறீர்கள். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

இரும்புப்பட்டறை
டாக்டரிடம் சொன்னேன். இந்த முறை உட்காரவைத்துக் கேட்டார், இசிஜி எடுத்தார். கனமான பயிற்சி கூடாது, ராத்திரி வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, நடக்கலாம் என்றார். மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. அதுவரை வே புரோட்டீனும் மல்டிவைட்டமினும் தொடரலாமா?

பிசியோ
புரோட்டீனுக்குத் தடையில்லை. ப்ரீ-வொர்க்அவுட் பொடி இருந்தால் தூக்கிப் போடுங்கள், அதில் கஃபீன். மல்டிவைட்டமின் டப்பாவில் பயோட்டின் என்ற பி வைட்டமின் எவ்வளவு என்று பாருங்கள். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் அது நிறைய இருக்கும். பல லேப்களில் அதனால் டிஎஸ்எச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள்.