ஊட்டி உறைபனி: வெளியே படுக்கிற நாய், பூனைக்கு ராத்திரி என்ன ஏற்பாடு செய்யலாம்?

தலைகுந்தா_பள்ளம்: விடியக்காலையில புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்குது. வாசல்ல ஒரு நாட்டு நாய். விறகுக் கொட்டகையில தாய்ப்பூனையும் ஒரு மாசக் குட்டி ரெண்டும். அட்டைப்பெட்டியில பழைய கம்பளி போட்டேன், காலையில தொட்டா ஈரமா சில்லுனு இருக்கு. கொட்டகைக்குள்ள கரி அடுப்பு வைக்கலாமா?

பனிமூட்டம்: கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்ங்க. அடைச்ச இடத்துல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இருக்காது, தூக்கத்துலயே உயிர் போயிடும். கங்கு அணையற நேரத்துலயும் அந்த வாயு வரும்.

கம்பளி நனையறது மூச்சுல இருக்கிற ஈரத்தாலயும் தரையிலிருந்து ஏறுற ஈரத்தாலயும். துணி அதைக் குடிச்சு வெச்சுக்கிட்டு உடம்புச் சூட்டை இழுக்கும். அதுக்குப் பதிலா காய்ஞ்ச வைக்கோலை உதிர்த்து, பெட்டியில பாதிக்கு மேல நிரப்புங்க. பூனையே குடைஞ்சு குழி பண்ணிக்கும். ஈரம் பட்டா அன்னைக்கே மாத்துங்க.

மீன் வர்ற தெர்மோகோல் பெட்டி போதும். சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல காயவைங்க. அடியிலிருந்து 5 செ.மீ. விட்டு, 15 செ.மீ. அகலத்துல வாசல் வெட்டுங்க. மூடியை டேப்பால ஒட்டி, ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க. வாசல் காத்து அடிக்கிற திசையைப் பார்க்கக் கூடாது. பெரிய பெட்டி எடுக்காதீங்க, காலி இடத்தையும் அதுங்க உடம்புச் சூடுதான் நிரப்பணும்.

மரப்பலகை: நாய்க்குத் தெர்மோகோல் ஆகாது, கடிச்சு முழுங்கினா குடல் அடைச்சுக்கும். ரெண்டு பலகைக்கு நடுவுல மறைவா 1 அங்குலத் தெர்மோகோல் ஷீட் வெச்சு கூண்டு அடிங்க. நாய் நின்னு திரும்புற அளவு இருந்தா சரி. வாசலுக்குச் சாக்குப் படுதா போட்டா நனைஞ்சு விறைச்சுப்போகும், ரப்பர் ஷீட் தொங்கவிட்டு நடுவுல கீறி விடுங்க.

ஸ்வெட்டர் போட்டா வெயில் ஏறினதும் கழட்டிடுங்க. பனியில நனைஞ்ச ஸ்வெட்டருக்கு வெறும் உடம்பே மேல். ராத்திரியில வெளியே கட்டிப் போடாதீங்க. நம்ம பக்கம் சிறுத்தை வரும், கட்டின நாயால ஓட முடியாது.

தலைகுந்தா_பள்ளம்: இப்பப் போய்ப் பார்த்தா ஒரு குட்டி சத்தமே இல்லாம விறைச்சுக் கிடக்கு. பால் கொடுக்கட்டுமா?

பனிமூட்டம்: இப்ப பால் கூடாது! உடம்பு சில்லிட்டிருக்கும்போது குடல் வேலை செய்யாது, விழுங்கவும் வராது. பால் நுரையீரலுக்குள்ள போயிடும்.

கை பொறுக்கிற சூட்டுல தண்ணியை பாட்டில்ல ஊத்தி, துண்டை ரெண்டு சுத்து சுத்தி, குட்டி பக்கத்துல வைங்க. தோல்ல நேரா படக்கூடாது. ஹேர் டிரையரும் வேண்டாம், மெதுவாத்தான் சூடேறணும். உள்ளங்கையில வெச்சுச் சில நிமிஷத்துக்கு ஒருதரம் புரட்டி விடுங்க. சர்க்கரைத் தண்ணியை விரல்ல தொட்டு ஈறுல லேசா தடவலாம். தெர்மாமீட்டர் 36 டிகிரி செல்சியஸ் தாண்டி, தலையைத் தூக்கின பிறகுதான் தாய்கிட்ட விடணும்.

இதோட நிறுத்தாதீங்க, துண்டும் பாட்டிலுமா அப்படியே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. ஜலதோஷம்னு யாராவது பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னா கேட்காதீங்க, ஒரே மாத்திரை வளர்ந்த பூனையையே கொன்னுடும்.