சைலன்சர் மாற்றியபின் வண்டி விட்டுவிட்டு இழுக்கிறது, டைனோவில் ஏற்ற வேண்டுமா?

நீள்சாலை:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 650 சிசி, இரட்டை சிலிண்டர், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, பெண்ட் பைப்போடு சேர்த்து முழு எக்ஸாஸ்ட் செட் போட்டேன். காற்று தாராளமாக விடும் ஏர் ஃபில்டரும் மாட்டியாயிற்று. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினால் நன்றாகவே போகிறது. ஆனால் 3000 முதல் 4000 ஆர்பிஎம்மில், லேசாகப் பிடித்தபடி ஒரே வேகத்தில் போகும்போது விட்டுவிட்டு இழுக்கிறது. கைப்பிடியை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. நெரிசலில் நின்றால் கால் பக்கம் முன்பைவிடச் சூடு அதிகம்.

நெட்டில் கிடைக்கிற ரெடிமேட் மேப் (எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவுகளின் அட்டவணை) ஒன்றை ஏற்றினால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். டைனோவில் (பின் சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் இயந்திரம்) ஏற்றாமல் மேப்பில் கையே வைக்காதே என்கிறார் இன்னொருவர். டைனோவில் உண்மையில் என்னதான் செய்வார்கள்? எத்தனை குதிரைத்திறன் கூடும்? வண்டியைக் கொண்டுபோகும் முன் நான் என்ன பார்க்க வேண்டும்?

நான்காம்கியர்:

டைனோ அறையில் நிற்பதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முழுத் திறப்பில் நன்றாக இருக்கிறது, லேசான திறப்பில் சரியில்லை என்று நீங்களே நோயைச் சொல்லிவிட்டீர்கள். அப்படியிருக்க எத்தனை குதிரைத்திறன் கூடும் என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வண்டி ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி கைப்பிடி கால்வாசிகூடத் திறந்திருக்காது. காசு கொடுத்து ட்யூன் செய்வது அந்தக் கால்வாசிக்காகத்தான்.

ஈசியூவுக்குள், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குள், ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. அதுதான் மேப். ஒரு பக்கம் ஆக்ஸிலேட்டர் திறப்பு, மறுபக்கம் ஆர்பிஎம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். குறைந்த திறப்பில் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் (மேனிஃபோல்டு) அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிற வண்டிகள் உண்டு. உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் மட்டும் பெரும்பாலும் பைக்குகளில் கிடையாது. அந்த அட்டவணை கம்பெனி பைப்புக்கும் கம்பெனி ஃபில்டருக்கும் எழுதப்பட்டது. நீங்கள் இரண்டையும் மாற்றிவிட்டீர்கள். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய கணக்கிலேயே இருக்கிறது. இதைத்தான் லீன் என்கிறோம். இழுப்பு, வெடிப்பு, சூடு மூன்றும் அதோடு பொருந்தி வருகின்றன.

இப்போது டைனோ. எல்லா டைனோவும் ஒன்றல்ல, இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வகையில் கனமான உருளை மட்டும் இருக்கும். அதன் எடை தெரியும், பின் சக்கரம் அதை எவ்வளவு சீக்கிரம் சுற்றவைக்கிறது என்பதை வைத்துப் பவரைக் கணக்கிடுவார்கள். முழுத் திறப்பில் ஒரே மூச்சில் ஏற்றிப் பார்க்க அது போதும். இன்னொரு வகையில் உருளையோடு மின்காந்த பிரேக்கும் இருக்கும். நீங்கள் 5 சதவீதம் திறந்தால், வண்டியை 3500 ஆர்பிஎம்மிலேயே அசையாமல் பிடித்து வைக்கும். மேட்டில் ஏறுவது போன்ற பாரம் எஞ்சின் மேல் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் பிரச்சினை இருக்கும் கட்டங்களை இந்த இரண்டாம் வகையில்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிசெய்ய முடியும்.

வேலை நடக்கும்போது அருகில் நிற்க விட்டால் நில்லுங்கள். முன் சக்கரம் கிடுக்கியில், வண்டி பட்டைகளால் இறுக்கி, முன்னால் பெரிய விசிறி ஓடிக்கொண்டிருக்கும். திரையில் காற்று-பெட்ரோல் விகிதம் ஓடும், அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று; எண் கூடினால் லீன். பிரேக் 3500-ல் பிடித்ததும் 15.8 என்று காட்டுகிறது என்று வையுங்கள். எஞ்சின் சத்தத்திலேயே ஒரு விக்கல் கேட்கும், சங்கிலி இறுகித் தளர்ந்து அடித்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் பெட்ரோலைச் சுமார் 13 சதவீதம் கூட்டியதும் விகிதம் 14 பக்கம் இறங்கும், விக்கல் நின்று சத்தம் ஒரே இழையாக ஓடும். பிறகு அடுத்த கட்டம். லேசான திறப்பில் 14-ஐ ஒட்டியும், முழுத் திறப்பில் 13-ஐ ஒட்டியும் வைப்பது வழக்கம். கடைசியில்தான் பவர் ரன். நெட்டில் கிடைக்கும் மேப் யாரோ ஒருவருடைய வண்டியில், அவருடைய பைப்போடு செய்தது. தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் புதிய பைப்பில் ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து ஈசியூவுக்குச் சொல்வது) மாட்ட இடம் இருக்கிறதா?

கைச்சாவி:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் மெக்கானிக் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். டைனோவுக்குப் போகும் முன் எக்ஸாஸ்ட் ஜாயிண்டுகளைப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் தடித்த துணியால் அரை நிமிடம் லேசாக அடைத்தால், எங்கே கசிகிறதோ அங்கே புஸ்ஸென்று தெரியும். கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால் சென்சார் அதையும் சேர்த்துப் படித்து லீன் என்று பொய் சொல்லும். ட்யூனர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுவார். கடைசியில் கருத்த பிளக்கும் குறைந்த மைலேஜும்தான் மிச்சம். எக்ஸாஸ்ட்டுக்குள் சுத்தமான காற்றை அனுப்பும் வால்வு இருக்கும் வண்டிகளில் அதையும் ட்யூன் நேரத்தில் அடைக்க வேண்டும், காரணம் அதேதான். கைப்பிடியை விடும்போது வரும் வெடிப்பில் பாதி அந்த வால்வு வேலையாகவே இருக்கலாம்.

மற்றபடி வால்வு கிளியரன்ஸ், நல்ல பிளக், சுத்தமான ஃபில்டர், அளவான செயின் தொய்வு, சரியான டயர் காற்று, கூலன்ட், ஆயில், நிறையப் பெட்ரோல். கிளட்ச் தேய்ந்திருந்தால் டைனோ காட்டிக்கொடுத்துவிடும். ஆர்பிஎம் ஏறும், உருளை வேகம் ஏறாது. அந்த நிலையில் ட்யூன் செய்வது வீண்செலவு.

நீள்சாலை:

ரொம்ப நன்றி. அண்ணா, பைப்பில் சென்சாருக்கு இடமே இல்லை. விற்றவர் ஒரு சின்ன டம்மி பிளக் கொடுத்து, சென்சார் வயரில் மாட்டச் சொன்னார், மாட்டிவிட்டேன். அதில் ஏதாவது தவறா? அப்புறம் இன்னொரு பயம். டைனோவில் கம்பெனி சொன்ன பவரைவிடக் குறைவாக வந்தால் எஞ்சின் கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

நான்காம்கியர்:

அப்படியானால் விஷயம் தெளிவாகிவிட்டது. கம்பெனி சென்சார் இருந்தவரை லேசான திறப்பில் 14.7-ஐ ஒட்டி ஈசியூ தானாகத் திருத்திக்கொண்டிருந்தது. டம்மி போட்டதும் அந்தத் திருத்தம் நின்றுவிட்டது, இப்போது பழைய அட்டவணையை மட்டும் பார்த்து ஓடுகிறது. டம்மி தவறான பொருள் அல்ல. பிக்கிபேக் பெட்டி (ஈசியூவோடு சேர்த்து மாட்டி, பெட்ரோல் அளவை மாற்றும் தனிப் பெட்டி) வைத்து ட்யூன் செய்தவர்கள், ஈசியூ திரும்பத் திருத்திவிடாமல் இருக்க அதைப் போடுவார்கள். ட்யூன் இல்லாமல் அதை மட்டும் போட்டு ஓட்டுவதுதான் சரியல்ல.

பவர் குறைவாகத்தான் வரும், பயப்படாதீர்கள். கம்பெனி எண் கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டிலேயே அளந்தது. டைனோ பின் சக்கரத்தில் அளக்கிறது. கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் சேர்ந்து 10 முதல் 15 சதவீதம் வரை விழுங்கும். அதோடு, அன்றைய வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைத் திருத்தும் முறைகள் உண்டு. எஸ்ஏஇ முறையைவிட எஸ்டிடி முறை சுமார் 4 சதவீதம் கூடக் காட்டும். ஒரே ரன், ஒரே வண்டி, எண் மட்டும் வேறு. அதனால் வேறு ஒருவரின் தாளோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் வண்டியை எதையும் தொடுவதற்கு முன் ஒரு ரன் எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தபின் அதே டைனோவில், அதே கியரில், அதே திருத்த முறையில் இன்னொன்று. இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு வாங்குங்கள். உச்சி எண்ணைவிட, டார்க் (சுழற்றும் விசை) கோடு எங்கே குழி விழுந்திருந்தது, இப்போது நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் தினமும் போடும் பெட்ரோலையே போட்டுக்கொண்டு போங்கள். எத்தனால் கலப்பு மாறினால் கணக்கும் மாறும். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்றால் 10 சதவீத எத்தனாலுக்கு ஏறக்குறைய 14.1. இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறி விழும் நேரம்) முன்னால் தள்ளித் தருகிறேன் என்று ட்யூனர் சொன்னால், நாக்கிங்கை (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து எஞ்சினைத் தட்டுவது) எப்படிக் கவனிப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் பெட்ரோல் மேப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ரிவ் லிமிட்டை (ஆர்பிஎம்முக்குக் கம்பெனி வைத்த உச்ச வரம்பு) உயர்த்த ஒப்புக்கொள்ளவே வேண்டாம். பழைய மேப்பின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

நீள்சாலை:

புரிந்தது அண்ணா. பைப்பில் சென்சாருக்கு இடம் வெல்டு செய்துகொண்டே போகலாமா? சைலன்சர் வாயில் குழாய் விட்டுக் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளப்பது போதாதா?

நான்காம்கியர்:

செய்துகொண்டே போங்கள். லேசான திறப்பில் சைலன்சர் வாய் வழியாக வெளிக்காற்று திரும்பி உள்ளே வரும், குட்டையான சைலன்சரில் இன்னும் அதிகம். நீங்கள் சரிசெய்ய நினைக்கும் இடத்திலேயே அளவு பொய்யாகிவிடும். விகிதத்தை அளக்க ட்யூனர் மாட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாருக்குப் பொதுவாக 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் மரை வேண்டும். பைக்கின் சொந்தச் சென்சார் பல வண்டிகளில் 12 மில்லிமீட்டர்தான், ஆகவே எதற்காக என்று வெல்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பைப்பும் ஒன்றாகச் சேர்ந்தபின் வரும் பகுதியில், படுக்கைவாட்டுக்கு மேலே சாய்வாக வைக்கச் சொல்லுங்கள். கீழ்நோக்கி வைத்தால் பைப்பில் சேரும் தண்ணீர் சென்சாருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.