மெட்ஸ் ஓப்பனிங் டே கணக்கு: 41-23ஆ, 42-22ஆ?

குவீன்ஸ்_கேலரி கேட்டது:

வணக்கம். நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி 1962 முதல் 2025 வரை ஆடிய சீசன் முதல் ஆட்டங்களை ஒரே அட்டவணையாகத் தொகுக்கிறேன். ஒரு இடத்தில் 41 வெற்றி 23 தோல்வி என்று இருக்கிறது, இன்னொரு பட்டியலில் 42-22. இரண்டையும் கூட்டினால் 64தான் வருகிறது, அதனால் எந்த ஆட்டத்தில் இடிக்கிறது என்று கூட்டுத்தொகையை வைத்துப் பிடிக்க முடியவில்லை. மூன்று விஷயம் தெரிய வேண்டும்:

எந்த ஆட்டத்தை "ஓப்பனர்" என்று எடுக்க வேண்டும்? அணியின் முதல் ஆட்டமா, சொந்த மைதானத்தின் முதல் ஆட்டமா?

ஒவ்வோர் ஆண்டாகத் தேடாமல் மூலத் தரவிலிருந்தே எடுக்க வழி உண்டா?

ஆண்டுக்கணக்கில் கடைசி இடத்தில் கிடந்த அணி முதல் நாளில் மட்டும் இவ்வளவு ஜெயித்ததற்குக் காரணம் இருக்கிறதா, இல்லை அதிர்ஷ்டம்தானா?

---

பதிவேடு:

41-23தான் சரி. இடிக்கிற ஆட்டம் அநேகமாக 2000-ஆம் ஆண்டுடையது.

அந்த ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி டோக்கியோ டோமில் சிகாகோ கப்ஸுடன் மெட்ஸ் ஆடியது. வட அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதல் மேஜர் லீக் சீசன் ஆட்டம் அதுதான். கப்ஸ் 5-3 என்று ஜெயித்தது. மறுநாள் 11-ஆவது இன்னிங்ஸில் பென்னி அக்பயானி அடித்த கிராண்ட் ஸ்லாமால் (ஒரே அடியில் நான்கு ரன் தரும் ஹோம் ரன்) மெட்ஸ் 5-1 என்று ஜெயித்தது. பிறகு ஊர் திரும்பி ஏப்ரல் 3 அன்று அப்போதைய சொந்த மைதானமான ஷே ஸ்டேடியத்தில் சான் டியேகோ பாட்ரெஸை 2-1 என்று வென்றது. டோக்கியோவைக் கண்காட்சி ஆட்டம்போல ஒதுக்கிவிட்டு ஷே ஆட்டத்தை முதல் ஆட்டமாக எடுத்தால், ஒரு தோல்வி வெற்றியாக மாறி 42-22 வந்துவிடும். அது தவறு. டோக்கியோவில் நடந்த இரண்டும் சீசன் ஆட்டங்கள், அந்த ஆண்டின் 162 சீசன் ஆட்டங்களில் சேர்ந்தவை.

விதி இவ்வளவுதான்: அந்த அணி அந்த சீசனில் ஆடி முடித்த முதல் ஆட்டம். எங்கே ஆடியது, லீக் அறிவித்த தொடக்க நாள் எது, அட்டவணையில் முதலில் எந்தத் தேதி இருந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. சொந்த மைதானத்தின் முதல் ஆட்டமான ஹோம் ஓப்பனரைத் தனிப் பத்தியில் போடுங்கள். 1964-இல் ஷே திறக்கப்பட்ட ஏப்ரல் 17 ஆட்டத்தைப் பலர் சீசன் தொடக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். அது ஹோம் ஓப்பனர். சீசனை மெட்ஸ் அதற்கு முன்பே பிலடெல்பியாவில் தொடங்கியாயிற்று.

கவனமாகப் பார்க்க வேண்டிய மற்ற ஆண்டுகள்:

1962: ஏப்ரல் 10 ஆட்டம் மழையால் நின்றது. மறுநாள் செயின்ட் லூயிஸில் ஆடி 11-4 என்று தோற்றார்கள். முதல் இன்னிங்ஸிலேயே மெட்ஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) ராஜர் கிரெய்க் கையிலிருந்து பந்து நழுவி, 'பாக்' என்ற பிட்சர் விதிமீறல் ஆனதில், மூன்றாவது பேஸில் நின்ற பில் வொயிட்டுக்கு ஒரு ரன் இலவசமாகப் போனது. தேதி ஏப்ரல் 11 என்றுதான் போட வேண்டும்.

1972, 1995, 2022: வீரர்களின் வேலைநிறுத்தம், உரிமையாளர்களின் லாக்அவுட் (கதவடைப்பு) காரணமாகத் தாமதம். முறையே ஏப்ரல் 15, ஏப்ரல் 26, ஏப்ரல் 7.

2020: கொரோனாவால் ஜூலை 24. பார்வையாளர் இல்லாத சிட்டி ஃபீல்டில் பிரேவ்ஸை 1-0 என்று வென்றது. யோயெனிஸ் செஸ்பெடெஸின் ஹோம் ரன் ஒன்றே ரன். 60 ஆட்ட சீசன் என்பதற்காக இதை விட்டுவிடக் கூடாது.

2021: வாஷிங்டனில் ஏப்ரல் 1 தொடங்க வேண்டிய தொடர் முழுதும் தள்ளிப்போனது. முதல் ஆட்டம் ஏப்ரல் 5, பிலடெல்பியாவில், 5-3 தோல்வி.

---

நிரல்_நாயகன்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பழைய பேஸ்பால் ஆட்டத் தரவைத் தொகுக்கும் ரெட்ரோஷீட் தளத்தில் "கேம் லாக்" கோப்புகள் ஆண்டுவாரியாக இலவசமாகக் கிடைக்கும். ஒரு வரிக்கு ஒரு ஆட்டம், காற்புள்ளியால் பிரித்த 161 புலங்கள், தலைப்பு வரி கிடையாது. தலைப்பு இல்லாததால் எண்ணை வைத்துத்தான் புலத்தை அடையாளம் காண வேண்டும். உங்களுக்குத் தேவையானவை:

1: தேதி (ஆண்டு, மாதம், நாள் என எட்டு இலக்கமாக, இடைவெளி இல்லாமல்)
4: விருந்தினர் அணியின் குறி
6: விருந்தினர் அணிக்கு இது எத்தனையாவது ஆட்டம்
7: சொந்த மைதான அணியின் குறி
9: அந்த அணிக்கு இது எத்தனையாவது ஆட்டம்
10, 11: விருந்தினர் ரன், சொந்த அணி ரன்
103, 105: இரு அணிகளின் தொடக்க பிட்சர் பெயர்கள், விருந்தினர் முதலில்

மெட்ஸின் குறி என், ஒய், என் என்ற மூன்று எழுத்து. கடைசி எழுத்து நேஷனல் லீகைக் குறிக்கும். அதே இடத்தில் ஏ வந்தால் யாங்கீஸ், 1 வந்தால் பழைய நியூயார்க் ஜயன்ட்ஸ். முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்துத் தேடினால் யாங்கீஸும் சேர்ந்து வந்துவிடும்.

வடிகட்ட வேண்டியது இப்படி: (4-ஆம் புலம் மெட்ஸ், கூடவே 6-ஆம் புலம் 1) அல்லது (7-ஆம் புலம் மெட்ஸ், கூடவே 9-ஆம் புலம் 1). இந்த ஜோடியைப் பிரிக்காதீர்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 6-உம் 9-உம் இரண்டுமே 1 என்று கேட்டால், எதிரணி ஏற்கெனவே ஆடத் தொடங்கிவிட்ட ஆண்டுகள் விடுபடும். 2021 ஏப்ரல் 5 மெட்ஸுக்கு முதல் ஆட்டம், பில்லீஸுக்கு அது நான்காவது. மாறாக "6 அல்லது 9 ஏதாவது ஒன்று 1" என்று அணியோடு சேர்க்காமல் கேட்டால், எதிரணியின் முதல் ஆட்டமும் உள்ளே வந்து வரிகள் கூடிவிடும்.

சரியாகச் செய்தால் 64 வரி வரும், ஆண்டுக்கு ஒன்று. முதலில் இதைச் சரிபாருங்கள், வெற்றி தோல்வி அப்புறம். ஆண்டை ஒரு பத்தியில் பிரித்து வைத்து, எதுவும் இரு முறை வரவில்லை, எதுவும் விடுபடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவைக் கணிக்க: மெட்ஸ் 4-ஆம் புலத்தில் இருந்தால் 10 பெரிதாக இருக்க வேண்டும், 7-இல் இருந்தால் 11. இதற்கு ஒரே சூத்திரம் போதும். சமன் என்ற மூன்றாவது வாய்ப்பையும் வையுங்கள். மெட்ஸ் ஓப்பனர்களில் சமன் இல்லை. ஆனால் பழைய அணிகளுக்கு இதே தாளைப் பயன்படுத்தும்போது இருட்டிப்போய் நிறுத்திய ஆட்டங்கள் வரும், அவை தோல்வியில் விழுந்துவிடும்.

எக்செலில் திறப்பதாக இருந்தால் கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்யாமல், தரவு இறக்குமதி வழியாகக் காற்புள்ளிப் பிரிப்பு என்று சொல்லித் திறங்கள். கோப்பின் நீட்சி உரைக் கோப்புக்குரியதாக இருப்பதால் நேரே திறந்தால் 161 புலமும் ஒரே பத்தியில் கொட்டும். தேதியை எண்ணாகவே விட்டுவிடுங்கள், வரிசைப்படுத்த அதுவே வசதி. 64 ஆண்டுக் கோப்புகளை ஒட்டினாலும் ஒரே தாளில் அடங்கும்.

வேறு அணிக்குச் செய்வதாக இருந்தால் இடம்பெயர்வை மறக்காதீர்கள். மான்ட்ரியல் எக்ஸ்போஸ் 2005-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் ஆனபோது குறியும் மாறியது. ஒரு குறியோடு நிறுத்தினால் 36 சீசன் காணாமல் போகும்.

---

நிகழ்தகவு:

மூன்றாவது கேள்வி. முதலில் 41-23 எவ்வளவு அசாதாரணம் என்று பார்ப்போம். ஒவ்வோர் ஓப்பனரும் சரிபாதி வாய்ப்பு என்று வைத்தால் 64 ஆட்டத்தில் எதிர்பார்ப்பு 32 வெற்றி, திட்ட விலக்கம் 4. மெட்ஸ் அதைவிட 9 கூடுதல். 41 அல்லது அதற்கு மேல் வெறும் தற்செயலாக வர நூற்றுக்குச் சுமார் 1.7 வாய்ப்பு. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் லீகில் 30 அணிகள் இருக்கின்றன, அவற்றில் மேலே இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தானே இந்தக் கேள்வியே வருகிறது? எல்லா அணியும் இதே அளவு ஆடியதாகத் தோராயமாக வைத்தால், யாராவது ஒருவருக்காவது இப்படி அமைய நூற்றுக்கு 40 வாய்ப்பு. ஆக, விளக்கம் தேடியே தீர வேண்டிய எண் இது இல்லை.

"1970-இலிருந்து 41-15, அதாவது வெற்றி விகிதம் .732" என்று ஒளிபரப்பில் சொல்வார்கள். எண் சரி. 1962 முதல் 1969 வரை எட்டு ஓப்பனரும் தோல்வி, 1970-இல் பிட்ஸ்பர்கில் 11 இன்னிங்ஸ் ஆடி 5-3 என்று கிடைத்ததுதான் முதல் வெற்றி. ஆனால் தோல்விகள் முடிந்த இடத்தில் கோடு கிழித்துவிட்டு அங்கிருந்து எண்ணுவதை ஏற்கவே முடியாது. அப்படி எண்ணினால் தற்செயல் வாய்ப்பு பத்தாயிரத்தில் நாலு என்று குறைந்து, இல்லாத மர்மம் ஒன்று பிறந்துவிடும். அட்டவணையில் 41-23 (.641) என்ற முழுக் கணக்கையே போடுங்கள்.

---

இடக்கை_பிட்சர்:

நிகழ்தகவு அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் மெட்ஸின் நட்சத்திர பிட்சர் டாம் சீவரை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. மெட்ஸுக்காக 11 ஓப்பனர் தொடங்கினார்: 1968 முதல் 1977 வரை தொடர்ந்து பத்து, திரும்பி வந்த 1983-இல் ஒன்று. ரெட்ஸுக்கும் வொயிட் சாக்ஸுக்கும் தொடங்கியவற்றைச் சேர்த்தால் 16, அது மேஜர் லீக் சாதனை. அந்த 11-இல் மெட்ஸ் 8-3. தோற்றவை 1968, 1969, 1974.

சீவரைக் கழித்தால் மிச்சம் 33-20, அதாவது .623. ஆக, ஒரே ஆளின் தோளில் நின்ற எண் இல்லை இது. அவருக்குப் பிறகு குடன், சன்டானா, டிக்ராம் என்று முதல்தர பிட்சர்கள் வரிசையாக வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் எதிரணியும் அன்றைக்குத் தன் சிறந்த கையைத்தானே இறக்கும்? அதனால் அந்த அனுகூலத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

103, 105-ஆம் புலங்களை எடுக்கும்போது ஒன்றைக் கலக்காதீர்கள்: தொடக்க பிட்சரின் சொந்த வெற்றி-தோல்வி வேறு, அவர் தொடங்கிய ஆட்டத்தில் அணியின் முடிவு வேறு. 1983 ஏப்ரல் 5 அன்று சீவர் ஸ்டீவ் கார்ல்டனை எதிர்த்து ஆறு இன்னிங்ஸ் ரன் தராமல் வீசினார், மெட்ஸ் 2-0 வெற்றி. ஆனால் வெற்றி எழுதப்பட்டது பின்னால் வந்து வீசிய டக் சிஸ்க் பெயரில். 2021-இல் டிக்ராம் ஆறு இன்னிங்ஸ் ரன் தராமல் வீசியும் பின்னால் வந்தவர்கள் ஆட்டத்தைக் கோட்டைவிட்டார்கள். அவர் பெயரில் வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. 1994 இதற்கு நேர் எதிர்: ரிக்லி ஃபீல்டில் கப்ஸின் டஃபி ரோட்ஸ் குடனின் பந்தில் மூன்று ஹோம் ரன் அடித்தும் மெட்ஸ் 12-8 என்று ஜெயித்தது.

---

குவீன்ஸ்_கேலரி:

எல்லோருக்கும் நன்றி. 2000-தான் இடித்தது, இப்போது 41-23 வந்துவிட்டது. இன்னும் இரண்டு பத்தி சேர்க்கலாம் என்று இருக்கிறேன்: நீண்ட தொடர் வெற்றி, அந்த சீசன் எப்படி முடிந்தது. முதல் ஆட்டத்துக்கும் சீசன் முடிவுக்கும் ஏதாவது தொடர்பு தெரிகிறதா?

---

பதிவேடு:

தொடர்பு என்று சொல்லும்படி இல்லை. மெட்ஸ் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது ஐந்து ஆண்டுகள். 1973, 1986, 2015-இல் ஓப்பனர் வெற்றி, 1969, 2000-இல் தோல்வி. 1969-இல் தோற்றதும் யாரிடம்? அன்றுதான் தன் முதல் ஆட்டத்தை ஆடிய மான்ட்ரியல் எக்ஸ்போஸிடம், ஷேயிலேயே, 11-10 என்று. அந்த அக்டோபரில் மெட்ஸ் சாம்பியன்.

நீண்ட தொடர் வெற்றி 1975 முதல் 1983 வரை ஒன்பது. அதன் நடுவில் 1977, 1978, 1979 மூன்று ஆண்டும் பிரிவில் கடைசி இடம், 98, 96, 99 தோல்விகள். அட்டவணையில் இந்த மூன்று வரிகளை அடுத்தடுத்து வைத்தாலே போதும், விளக்கம் எழுத வேண்டாம்.

ஒன்பது என்பது மேஜர் லீக் உச்சத்துக்குச் சமம். செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் 1937 முதல் 1945 வரையும், சின்சினாட்டி ரெட்ஸ் 1983 முதல் 1991 வரையும் அதே ஒன்பதை எட்டின. தொடரை எண்ணும்போது 1983 மெட்ஸுக்குக் கடைசி, ரெட்ஸுக்கு முதல் என்பதைக் கவனியுங்கள். 1984-இல் சின்சினாட்டியில் ரெட்ஸ் 8-1 என்று ஜெயித்தபோதுதான் மெட்ஸின் தொடர் முறிந்தது. ரெட்ஸ் பட்டியலில் அதே ஆட்டம் இரண்டாவது வெற்றி. இரு அணிக்கும் தனித்தனித் தாள் வைத்தால், அந்த ஒரு வரி இரண்டிலும் எதிரெதிர் முடிவோடு வர வேண்டும். சூத்திரத்தைச் சோதிக்க அந்த வரியையே எடுத்துக்கொள்ளுங்கள்.