முந்துசான்று: வாசகர் தரும் பழைய சொற்சான்றுக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒரு சொல்லுக்கு அகராதி காட்டும் மிகப் பழைய எழுத்துச் சான்றைவிட முற்பட்ட ஒன்றை வாசகர் கண்டெடுத்து அனுப்பினால், அதற்கு ‘முதற்சான்று’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. முதல் என்றால் அதற்கு முன் ஒன்றுமில்லை என்றாகிவிடும். கிடைத்தவற்றுள் பழையது என்பதற்கு மேல் நாம் எதையும் சொல்ல முடியாது. ‘முன்சான்று’ என்பதையோ முன்பு வாங்கிய சான்றிதழ் என்றே பலரும் புரிந்துகொள்வர்.

‘முந்துசான்று’ என்பது என் பரிந்துரை. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரத்தில் ‘முந்துநூல்’ இருப்பதால் இந்த அமைப்பு புதிதன்று. வினைத்தொகையாகையால் முந்திய, முந்துகின்ற, முந்தும் என முக்காலமும் அதில் அடங்கும். நாளை வேறொருவர் இன்னும் பழையதைக் கொண்டுவந்தாலும் பெயர் பொய்க்காது.

எங்கள் தருமபுரிப் பக்கத்து நடுகற்களை நினைத்தே இதை எழுதுகிறேன். ஆநிரையைக் குறிக்கும் ‘தொறு’ என்ற சொல் அவற்றில் வருகிறது. இலக்கியத்தில் வரும் சொல்லுக்கு நூலின் காலத்தை வாதிட்டு நிறுவ வேண்டியிருக்க, பல்லவ அரசரின் ஆட்சியாண்டோடு தொடங்கும் நடுகல் தன் காலத்தைத் தானே சொல்லிவிடுகிறது. அண்மைக் காலச் சொற்களுக்கு அத்தகைய கல் நம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கலாம். கேழ்வரகை நாங்கள் ‘ராகி’ என்கிறோம். தேதியிட்ட பழைய கடைக் கணக்கிலோ குத்தகைச் சீட்டிலோ அச்சொல் இருந்தால், அதுவும் அகராதிக்குரிய சான்றே.

1879இல் ஜேம்ஸ் மர்ரே ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காகப் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தபோது, சொல், அது வரும் வாக்கியம், ஆண்டு, நூல், பக்கம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி அனுப்பும் முறையே பின்பற்றப்பட்டது. நமக்கும் அது போதும். மூலத்தின் படத்தையும் அது இப்போது இருக்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மறுபதிப்பில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பதிப்பாசிரியர் பின்னர் மாற்றிய சொல்லை முதற்பதிப்பின் ஆண்டில் ஏற்றிவிட்டால் அகராதியே தவறிவிடும்.

பாட்டி சொல்லக் கேட்ட சொல்லை ‘வழக்குச்சான்று’ என்று தனியே வைக்கலாம். அதன் மதிப்பு குறைவு என்பதற்காக அன்று. எழுத்தில் ஆண்டு காட்ட இயலாததை முந்துசான்றோடு கலக்கக் கூடாது என்பதற்காகவே. ‘முந்துசான்று காட்டினார்’ என வினையாக ஆளவும் தடையில்லை. ஒலிப்பிலோ புணர்ச்சியிலோ குறை கண்டால் தெரிவியுங்கள்.

அன்புடன்,
அரூரிலிருந்து